டெல்பெர்ட் போட்ட கிளாம்ப்

என் கராஜ் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் பதினோரு மாதம் ஒரு குழாய் தொங்கியது. மற்றவர்கள் காலையில் எழுந்ததும் காலண்டரைப் பார்ப்பார்கள், பேரப்பிள்ளை போட்டோவைப் பார்ப்பார்கள். நான் அந்தக் குழாயைப் பார்ப்பேன். பார்த்ததும் வயிற்றுக்குள் அடுப்பு பற்றிக்கொள்ளும். எழுபத்திரண்டு வயது ஆளைப் படுக்கையிலிருந்து எழுப்ப அதைவிட நல்ல மருந்தை எந்த டாக்டரும் எனக்கு எழுதித் தந்ததில்லை.

குழாய் என்றால் என் எண்பத்தேழாம் வருஷத்துப் பிக்கப் வண்டியின் பவர் ஸ்டியரிங் லைன். இரண்டு முனையும் இரும்பு, நடுவில் ஒரு சாண் கறுப்பு ரப்பர், ரப்பரின் இரண்டு தலையிலும் திருகி இறுக்குகிற தகரக் கிளாம்ப் ஒவ்வொன்று. அந்த ரப்பரையும் கிளாம்பையும் போட்டவன் டெல்பெர்ட் ஸ்டோல்ட்ஸ். என் பக்கத்துப் பண்ணைக்காரன். ஐம்பது வருஷம் என் சினேகிதனாக இருந்தவன். போன வருஷம் ஆகஸ்டிலிருந்து எதிரி.

நெப்ராஸ்காவில் எங்கள் கெல்ஸோ கவுண்டி, அதாவது எங்கள் மாவட்டம், நடத்துகிற பொருட்காட்சிக்குப் பன்றிக்குட்டி பார்க்க வருகிறவர்கள் வரட்டும், ராட்டினம் சுற்றுகிறவர்கள் சுற்றட்டும். உண்மையான கூட்டம் சனிக்கிழமை பத்து மணிக்கு, அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கான டிரெய்லர் ரிவர்ஸ் போட்டிக்குத்தான். இருபதடி மாட்டு டிரெய்லரைப் பிக்கப்பில் மாட்டி, ஆறு பீப்பாய்களுக்கு நடுவே வளைத்து வளைத்துப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போய், கடைசியில் ஒரு கதவுக்குள் சொருக வேண்டும். ஒவ்வொரு பீப்பாய் தலையிலும் ஒரு முட்டை. இடித்தால் விழும், விழுந்தால் புள்ளி போச்சு. பன்னிரண்டு நிமிஷம் கெடு. ஜெயித்தவருக்கு வால்நட் பலகையில் பதித்த பித்தளைக் குண்டு. டிரெய்லரை மாட்டுகிற அதே குண்டுதான், பளபளப்பு மட்டும் கூட.

அந்தக் குண்டு தொடர்ந்து ஆறு வருஷம் என் வீட்டில் இருந்தது. நான் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவன். இடுப்பளவு பனியில், பின்னால் அறுபது பிசாசுகள் கத்த, முட்டுச்சந்துப் பண்ணைப் பாதைகளிலிருந்து நாற்பதடி பஸ்ஸைப் பின்பக்கமாகவே எடுத்தவன். கண்ணைக் கட்டிவிட்டால்கூட ஓட்டுவேன். ஒருமுறை பனிப்புயலில் கிட்டத்தட்ட அப்படித்தான் ஓட்டினேன். டெல்பெர்ட் நாற்பது வருஷம் மாட்டு லாரி ஓட்டியவன். ஆறு வருஷமும் இரண்டாம் இடம். ஒவ்வொரு வருஷமும் கைகொடுத்துவிட்டுச் சிரிப்பான். பல் மட்டும் சிரிக்கும்.

போன வருஷம் போட்டிக்கு நாலு நாள் முன்னால் என் வண்டிக்கடியில் சிவப்பாக ஒரு குளம். குளம் என்றா சொன்னேன், ஏரி. ஸ்டியரிங்கைத் திருப்பினால் பிரசவ வலி வந்த மாடு மாதிரி முனகல். எனக்கு அப்போது முதுகுப் பிடிப்பு. குனிந்தால் நிமிர இரண்டு ஆள் வேண்டும்.

வேலியோரம் வந்து நின்றான் டெல்பெர்ட். "என்னடா மைலோ, உன் வண்டிக்குப் பனிக்குடம் உடைஞ்சிருச்சா?"

"பவர் ஸ்டியரிங் லைன்டா. எங்கயோ ஒழுகுது."

"நீ குனியாத, அப்புறம் உன்ன கிரேன் வச்சுத்தான் தூக்கணும். பத்து நிமிஷ வேலை. நான் பாத்துக்கறேன்."

பாருங்கள், எவ்வளவு நல்ல மனசு! நான் என் மனைவி லவானிடம் அவனுக்குத் தட்டு நிறைய சில்லியும், அதாவது இறைச்சியும் பீன்ஸும் போட்ட காரக் குழம்பும், பக்கத்தில் இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருளும் வைக்கச் சொன்னேன். இரண்டாவது தட்டும் கேட்டு வாங்கித் தின்றான். அதைத்தான் என்னால் மறக்கவே முடியவில்லை. லவானுடைய சில்லியைத் தின்றுகொண்டே ஒருத்தன் துரோகம் பண்ணலாம் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

பவர் ஸ்டியரிங்கில் எண்ணெய்க்கு இரண்டு வழி. பம்ப்பிலிருந்து ஸ்டியரிங் பாக்ஸுக்கு முறுக்கிக்கொண்டு போகிற வழி ஒன்று. வேலை முடிந்து சோம்பலாகத் திரும்பி வருகிற வழி இன்னொன்று. திரும்புகிற வழியில் ஒழுகினால் ரப்பரும் கிளாம்பும் தாராளமாகப் போதும். போகிற வழியில் இருக்கிற அழுத்தம் ஒரு காளையைக் கொட்டகைக் கூரைமேல் தூக்கி உட்கார வைக்கும். அங்கே தகரக் கிளாம்ப் போடுவதும் சூறாவளிக்குக் கதவை நூலால் கட்டுவதும் ஒன்று. எங்கள் பக்கத்தில் கார் ஓட்டத் தெரிவதற்கு முன்பே பிள்ளைகளுக்கு இது தெரியும். ஒழுகியது போகிற வழி. டெல்பெர்ட் அதை வெட்டி, அங்கே கிளாம்ப் போட்டான்.

எங்கள் சாலைகள் அடிக்கோல் வைத்து இழுத்தவை. நாலு நாளும் நேராகவே ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. சனிக்கிழமை முதல் சுற்றில், நாலாவது பீப்பாயில், ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தேன்.

டப்.

கையில் இருந்தது ஸ்டியரிங் இல்லை, நீதிமன்றக் கட்டடம். திருப்ப முடியவில்லை. சிவப்பு எண்ணெய் பீய்ச்சி, சூடான புகைக்குழாயில் பட்டு, மூன்று கவுண்டிக்குத் தெரிகிற மாதிரி புகை. அந்தப் பதற்றத்தில் பிரேக்குக்குப் பதிலாக எதை மிதித்தேனோ, டிரெய்லர் தன் இஷ்டத்துக்குப் பின்னால் போய், லூத்தரன் சர்ச் பெண்கள் ஆப்பிள் பை, அதாவது மாவோட்டுக்குள் ஆப்பிளை வைத்துச் சுடுகிற வட்டப் பலகாரம், விற்கிற மேஜைக்குள் நுழைந்தது. நாற்பத்தொரு பை என்று லவான் சொல்வாள். பாதி அவள் சுட்டது. எனக்கு நானூறு போலத் தெரிந்தது. தன்னார்வத் தீயணைப்புக்காரர்கள் சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். தீயே இல்லை, வெறும் புகை. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கிற வாய்ப்பை விடுவார்களா? ஜன்னல் வழியாகவே என்னை நுரையில் மூழ்கடித்தார்கள்.

மூக்கில் நுரையும் தலையில் ஆப்பிளுமாக நான் இறங்கிய படம் வாரப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் வந்தது. அன்றிலிருந்து என் பெயர் ஆப்பிள் மைலோ. பித்தளைக் குண்டு டெல்பெர்ட் வீட்டுக்குப் போனது.

தானியக் கூட்டுறவு அலுவலகத்தில் காலை ஆறரைக்கு நாங்கள் ஏழெட்டு கிழங்கள் காபி குடிக்கக் கூடுவோம். திங்கட்கிழமை அங்கே எல்லார் முன்னாலும் கேட்டேன். "ஏன்டா, போற லைன் எது, வர்ற லைன் எதுன்னு உனக்குத் தெரியாதா?"

டெல்பெர்ட் கண்ணைக்கூட இமைக்கவில்லை. "நான் போட்ட வேலை பக்கா. நீ கொரில்லா மாதிரி ஒடிச்சா வண்டி என்ன பண்ணும்? அந்த கிளாம்ப் என்னைக்கும் பிடிக்கும்டா. உன் கைதான் சரியில்ல."

"எந்த கிளாம்ப்?"

"அதே கிளாம்ப். என் வண்டியிலயும் அதான் போடுவேன்."

சொன்னதோடு விட்டானா? தினமும் அந்தக் கதையைச் சொன்னான். ஒவ்வொரு நாளும் நசுங்கிய பை பத்துப் பத்தாகக் கூடியது. பெரிதாக்கிச் சொல்வது என் வேலை, அதையும் பிடுங்கிக்கொண்டான். குண்டைக் காகித உறையில் வைத்துக் கொண்டுவந்து, மேஜையில் வைத்து, அதன்மேல் தொப்பியை மாட்டுவான்.

செப்டம்பரில் முதுகு சரியானதும் வண்டியை நானே பார்த்தேன். கீழே ஓர் அட்டையைப் போட்டு, மேலே இருப்பதையெல்லாம் துடைத்து, புது லைன் வாங்கி மாட்டினேன். பம்ப் பக்கத்து நட்டு குழந்தைபோல வந்துவிட்டது. ஸ்டியரிங் பாக்ஸ் பக்கத்து நட்டுக்குக் கை போக வேண்டுமானால் முழங்கையில் இன்னொரு மூட்டு வேண்டும். மூன்று விரல் தோலைக் கொடுத்து அதையும் எடுத்தேன். டெல்பெர்ட் வெட்டி ஒட்டிய பழைய லைன் முழுசாக வெளியே வந்தது. ரப்பர் கிழியவில்லை, கிளாம்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது, அவ்வளவுதான். குப்பையில் போடப் போனேன். போடவில்லை. ஆணியில் மாட்டினேன்.

ஏன் மாட்டினேன் என்று எனக்கே ஜனவரியில்தான் தெரிந்தது. கண் இமையெல்லாம் உறைகிற ஒரு காலையில் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போட்டியின் பழைய விதி ஒன்று மண்டையில் வந்து உட்கார்ந்தது. இறுதிச் சுற்றில் இரண்டு பேரும் சாவியை மாற்றிக்கொள்ள வேண்டும். இவன் வண்டியை அவன் ஓட்டணும், அவன் வண்டியை இவன் ஓட்டணும். ஜெயித்தது ஆளா வண்டியா என்று யாரும் பேசக் கூடாது என்பதற்காக எந்தக் காலத்திலோ வைத்தது. இன்னொன்று, காலையில் மைதானத்துக்குள் வந்த வண்டியில் யாரும் ஸ்பேனர் வைக்கக் கூடாது.

ஆக, நானும் டெல்பெர்ட்டும் இறுதிக்கு வந்தால், டெல்பெர்ட் என் வண்டியில் உட்காருவான். என் வண்டியில் டெல்பெர்ட் போட்ட கிளாம்ப் இருக்கும்.

நான் வாய்விட்டுச் சிரித்த சிரிப்பில் கொட்டகையில் இருந்த கோழிகள் அன்றைக்கு முட்டை போடவில்லை.

ஒரே ஒரு சிக்கல். அந்தக் கிளாம்போடு முதல் இரண்டு சுற்றை நான் ஓட்டியாக வேண்டும். அது முழுசாக ஒடித்தால்தான் பிடுங்கும். நின்ற வண்டியில் திருப்பினாலும் பிடுங்கும். உருண்டுகொண்டிருக்கும்போதே, கால்வாசி அரைவாசி திருப்பினால் தாங்கும். அப்படியானால் நான் ஒரு தடவைகூட முழுசாக ஒடிக்காமல், ஒரு தடவைகூட நிறுத்தாமல், இருபதடி டிரெய்லரை ஆறு பீப்பாய்க்குள் வளைக்க வேண்டும். நாலாவது பீப்பாய்க்கு இரண்டாவது பீப்பாயிலேயே தயாராக வேண்டும். உலகத்தில் யாரும் அப்படி ஓட்டியதில்லை. யாருக்கும் என் அளவுக்குக் கோபம் வந்ததில்லை.

பனி கரைந்த நாளிலிருந்து மேய்ச்சல் நிலத்தில் ஆறு பீப்பாய். ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணி கட்டினேன். துணி மேலே வந்து இன்னொரு அரைச்சுற்று, அதோடு நிறுத்து. ஏப்ரலில் எல்லாப் பீப்பாயும் விழுந்தது. மே மாதத்தில் பாதி. ஜூனில் மாடுகள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தன. ஜூலையில் அவையும் சலித்துப் போய்விட்டன, ஒன்றுமே விழவில்லை.

போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம். நல்ல லைனைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்துவிட்டு, ஆணியிலிருந்த குழாயை எடுத்து, ரப்பரைத் திரும்ப ஏற்றி, கிளாம்பை டெல்பெர்ட் இறுக்கிய அதே அளவுக்கு இறுக்கினேன். ஒரு சுற்றுகூட அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. வண்டிக்கடியில் கிடந்தபோது இரண்டு செருப்புகள் பக்கத்தில் வந்து நின்றன.

"நல்லா இருக்கறத கழட்டிட்டு கெட்டத மாட்டற ஒரே மனுஷன் இந்த நெப்ராஸ்காவுல நீதான்," என்றாள் லவான்.

"உனக்குப் புரியாது."

"எனக்கா? ஜனவரியிலேர்ந்து தூக்கத்துல 'ஒடிடா டெல்பெர்ட், ஒடி'ன்னு கத்தறியே, அது புரியாமயா? அவன் அந்த நாலாவது பீப்பாய்ல வந்து ஒடிக்கணும், எண்ணெய் பீச்சணும். அதானே?"

நான் மெதுவாக வெளியே வந்தேன். "லவான், உங்க பை மேஜைய இந்த வருஷம் வேற பக்கம் போடச் சொல்லு. ராட்டினத்துப் பக்கம் நிழலா இருக்கும்."

"மாட்டேன்."

"என்ன மாட்டேன்?"

"அதே எடம்தான். நாலாவது பீப்பாய்க்கு நேர் பின்னால. நானே நிப்பேன்."

"உனக்குப் பைத்தியமா? அது வெடிச்சா..."

"உனக்குப் போனது பேரு. எனக்குப் போனது இருபது ஆப்பிள் பை, மைலோ. என் அடுப்புல நின்னு, என் சில்லிய ரெண்டு தட்டு தின்னுட்டுப் போனவன். எனக்கும் அவன் மூஞ்சியப் பாக்கணும்." போகிற போக்கில் திரும்பினாள். "முதல் ரெண்டு சுத்துல நீ அத என்மேல வெடிக்க வச்ச, வீட்டுக்குள்ள வராத."

இதைவிட அழுத்தமான அழுத்தம் எந்தக் குழாயிலும் கிடையாது.

சனிக்கிழமை காலை ட்ரூடி மைக்கைப் பிடித்திருந்தாள். கவுண்டி விவசாய அலுவலகத்தில் வேலை. சின்னப் பிள்ளையில் பன்னிரண்டு வருஷம் என் பஸ்ஸில் வந்தவள். "அடுத்ததா நம்ம மைலோ! ஆப்பிள் பை வாங்கறவங்க இப்பவே வாங்கிக்கங்க!" என்றாள். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. எல்லாரும் என் பஸ்ஸில் வளர்ந்த பிசாசுகள்தான்.

நான் ஓட்டினேன். எப்படி ஓட்டினேன் என்று நானே சொல்லக் கூடாது, ஆனால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்? வண்டி வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போனது. நிறுத்தவில்லை, முழுசாக ஒடிக்கவில்லை. நாலாவது பீப்பாயில் கண்ணாடியில் லவான் தெரிந்தாள், கையைக் கட்டிக்கொண்டு. வண்டிக்கடியில் துளித்துளியாகச் சொட்டுகிற சத்தம் எனக்கு மட்டும் இடி மாதிரி கேட்டது. இரண்டு சுற்று, பன்னிரண்டு முட்டை, ஒன்றும் விழவில்லை. கூட்டம் சிரிப்பதை நிறுத்திவிட்டது.

டெல்பெர்ட்டும் இறுதிக்கு வந்தான். வருவான் என்று தெரியும். நல்ல ஓட்டுநர், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். சாவியை மாற்றிக்கொண்டோம். முதலில் நான் அவன் வண்டியில் ஓட்டினேன். அது புது மாதிரி. சுண்டு விரலால் திருப்பலாம். எட்டு நிமிஷம், ஆறு முட்டையும் நின்றது.

இப்போது அவன் முறை. என் பிக்கப்பின் கதவைத் திறந்தான். ஏறவில்லை. உள்ளே கைவிட்டு எதையோ இழுத்தான். க்ளக். பானெட் தூக்கிக்கொண்டது.

இரவல் வண்டி வாங்குகிறவன் கிளப்புவதற்கு முன்னால் ஆயில் குச்சியை எடுத்துப் பார்ப்பான். இது எங்கள் பக்கத்து மரியாதை. சற்று முன்னால் அவன் வண்டிக்கு நானும் அதையேதான் செய்தேன், யோசிக்காமல், மூச்சு விடுகிற மாதிரி. ஏழு மாதம் திட்டம் போட்டேன், விரல் தோலைக் கொடுத்தேன், மாடுகளுக்கு வேடிக்கை காட்டினேன், இதை மறந்துவிட்டேன்! பானெட்டைத் தூக்கினால் குச்சிக்கு ஒரு சாண் பக்கத்தில், சர்ச்சுக்குப் போட்டுப் போகிற கம்மல் மாதிரி மின்னிக்கொண்டு, அந்த இரண்டு கிளாம்ப்.

டெல்பெர்ட் குச்சியை உருவினான். துடைத்தான். அப்படியே நின்றான். தலை மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தது. முகம் வேகவைத்த முட்டைக்கோஸ் நிறம்.

போச்சு என்று நினைத்தேன். இதோ இப்போது கத்தப் போகிறான், நான் செய்த வேலையை ஊருக்கே சொல்லப் போகிறான் என்று நினைத்தேன்.

அவன் கத்தவில்லை. கத்தாமல் நிற்கிற அந்த மூன்று நொடியில்தான் எனக்கு உறைத்தது. அவன் என்னவென்று கத்துவான்? இந்தக் கிளாம்ப் பிடிக்காது என்றா? ஒரு வருஷமாகக் காபி மேஜையில் "அந்த கிளாம்ப் என்னைக்கும் பிடிக்கும்" என்று சத்தியம் பண்ணியவன் எவன்? வாயைத் திறந்தால் துரோகி. மூடினால் ஓட்டியாக வேண்டும். கடவுளே, நான் விரித்தது ஒரு வலை. அவன் விழுந்தது அதைவிட ஆழமான கிணறு!

அவ்வளவுதான், என் கால்கள் தாமாகவே ட்ரூடி பக்கத்துக்கு நடந்தன. மைக்கில் விழுகிற மாதிரி கேட்டேன். "என்ன டெல்பெர்ட், ஏதாவது பிரச்சனையா?"

"இல்ல."

"அங்க எல்லாம் சரியா இருக்கா?"

அவன் குச்சியைத் திரும்பச் சொருகினான். "எல்லாம் சரியா இருக்கு."

"பக்கா வேலைதானே?"

பானெட்டை அறைந்து மூடினான்.

அவன் ஓட்டியதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. தூங்குகிற குழந்தையைத் தொட்டிலோடு தூக்கிக்கொண்டு போகிற மாதிரி போனான். ஸ்டியரிங்கை ஒரு முடி திருப்புவான், காது கொடுத்துக் கேட்பான், இன்னொரு முடி திருப்புவான். முதல் பீப்பாய்க்கே மூன்று நிமிஷம். சட்டை முழுக்க நனைந்து அவன் மேல் ஒட்டிக்கொண்டது. நான் வேலியில் சாய்ந்து எலுமிச்சைச் சாறு உறிஞ்சினேன். அதைவிட இனிப்பான எலுமிச்சைச் சாற்றை மனித குலம் பிழிந்ததில்லை.

இரண்டு, மூன்று என்று தப்பித்துவிட்டான். நாலாவதில் மாட்டினான். அங்கே முழுசாக ஒடித்தே ஆக வேண்டும். இரண்டாவதிலேயே அதற்குத் தயாராகிற வித்தை என் மாடுகளுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். கையை ஸ்டியரிங்கில் வைத்தான். கண்ணாடியைப் பார்த்தான். கண்ணாடியில் என்ன தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்: நாற்பது பை, நடுவில் லவான். அவள் நகரவில்லை. ஒரு பையை எடுத்து இரண்டு கையாலும் அவனுக்குக் காட்டினாள், பிறந்த குழந்தையைக் காட்டுகிற மாதிரி.

வண்டி நின்றது. எஞ்சின் அணைந்தது. டெல்பெர்ட் இறங்கி ட்ரூடியிடம் நடந்து வந்தான்.

"என்னாச்சு டெல்பெர்ட்? இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு," என்றாள் அவள்.

"ஓட்ட முடியாது."

"ஏன்?"

"அந்த லைன்ல கிளாம்ப் போட்டிருக்கு. ஒடிச்சா பிடுங்கிக்கும்."

"யார் போட்டது?" என்று கேட்டேன் நான், பால் குடிக்கிற பூனைக்குட்டி போல.

அவன் என்னைப் பார்த்த பார்வையில் பெயின்ட் உரிந்திருக்கும். அப்புறம் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னான். ட்ரூடி மைக்கை அவன் வாய்க்குக் கொண்டுபோனாள், நல்ல பிள்ளை.

"நான்தான். போன வருஷம். பிடிக்காதுன்னு தெரிஞ்சேதான் போட்டேன். சும்மா ரெண்டு துளி ஒழுகும், இவன் முதல் சுத்துலயே வெளிய போயிருவான்னு நெனச்சேன். பை எல்லாம்... அது நெனைக்கல. ஆறு வருஷம்டா, மைலோ. ஆறு வருஷம் உனக்குக் கை குடுத்தேன்."

நெப்ராஸ்காவில் காற்று நின்றது. வரலாற்றில் அதுவே முதல் முறை. ராட்டினம்கூட நின்ற மாதிரி இருந்தது. அந்த அமைதியில் லவான் மேஜையிலிருந்து நடந்து வந்தாள், கையில் அதே ஆப்பிள் பையோடு. எறியப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். தீயணைப்புக்காரர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். அவள் எறியவில்லை. அவன் கையில் கொடுத்தாள்.

"இந்தா ஒண்ணு," என்றாள். "போன வருஷம் போன இருபதையும் நான் திரும்பச் சுடணும். ஆப்பிள் நீ கொண்டுவா. உரிக்கறதும் நீதான்."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு டெல்பெர்ட் என் வாசலில் நின்றான், நாலு கூடை ஆப்பிளோடு. ஆப்பிள் உள்ளே போனது. உரிப்பதற்கு முன்னால், நான் வைத்த தண்டனைக்காக, அவன் என் வண்டிக்கடியில் போனான். துணியில் சுற்றி வைத்திருந்த நல்ல லைனை அவன் வயிற்றின்மேல் வைத்தேன். நான் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன், மடியில் சில்லி, பக்கத்தில் பட்டை ரொட்டிச் சுருள். திரும்ப என் வீட்டுக்கு வந்த பித்தளைக் குண்டை முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன், அவனுக்குக் கீழிருந்தே தெரிகிற மாதிரி.

"அட்டை போட்டுக்கிட்டியா? தரைய அழுக்காக்காத."

"போட்டாச்சு."

"முதல்ல பம்ப் பக்கத்து நட்டு."

"தெரியும்டா."

"போன தடவையும் தெரியும்னுதான் சொன்ன. போற லைன் எது?"

வண்டிக்கடியில் ஸ்பேனர் டங்கென்று விழுந்தது.

"கேக்கறேன்ல?"

"தடியானது," என்றது வண்டிக்கடியிலிருந்து ஒரு குரல்.

"வர்ற லைன்?"

"ஒல்லி. கெழவா, அந்த சில்லி வாசனைய அந்தப் பக்கம் திருப்பு."

ஸ்டியரிங் பாக்ஸ் பக்கத்து நட்டு அவனிடமும் மூன்று விரல் தோலைக் கேட்டது. கொடுத்தான். லைன் கழன்றபோது மிச்சமிருந்த எண்ணெய் முழுவதும் அவன் இடது காதுக்குள் இறங்கியது. நான் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். வாயில் ரொட்டி இருந்தது.

புது எண்ணெய் ஊற்றினான். முன் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, உள்ளே இருக்கிற காற்று போக, நான் உட்கார்ந்து ஸ்டியரிங்கை மெதுவாக இந்தக் கோடி, அந்தக் கோடி என்று இருபது தடவை திருப்பினேன். அவன் தொட்டியைப் பார்த்து நுரை நிற்கிறதா என்று சொல்ல வேண்டும். பத்தாவது தடவையிலேயே நுரை நின்றுவிட்டது என்றான். எனக்குக் காது கேட்கவில்லை. எழுபத்திரண்டு வயதில் அப்படித்தான்.

"பழைய லைன எங்கிட்ட குடு," என்றான், காதைத் துடைத்துக்கொண்டே. "தூக்கிப் போட்டுடறேன்."

"அதுக்கு எடம் பாத்துட்டேன்."

கூட்டுறவு அலுவலகத்தில் அவன் உட்காருகிற நாற்காலிக்கு நேர் மேலே இப்போது ஓர் ஆணி இருக்கிறது. அதில் தொங்குகிறது. புதுசாக யார் காபி குடிக்க வந்தாலும் அது என்ன என்று கேட்பார்கள். கேட்காதவர்களைக் கேட்க வைப்பேன். டெல்பெர்ட்டுக்கு இப்போது கிளாம்ப் என்றுதான் பெயர். எனக்கு இன்னமும் ஆப்பிள் மைலோதான். அதில் மட்டும் நான் தோற்றுவிட்டேன்; எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு நல்ல பெயரைக் கைவிட மாட்டார்கள்.

பரவாயில்லை. தினமும் ஆறே காலுக்குக் காபிக்குக் கிளம்புகிறேன். நேராகப் போனால் நாலு நிமிஷம். ஆனால் நான் டெல்பெர்ட் வீட்டு முற்றத்துக்குள் நுழைந்து, அவன் சமையலறை ஜன்னலுக்கு முன்னால், நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, ஒரு வட்டம் அடித்துவிட்டுத்தான் போகிறேன். உள்ளே அவன் பல் தேய்த்துக்கொண்டிருப்பான். ஒரு துளி ஒழுகுவதில்லை. வேலை பக்கா.